பன்னிரண்டு மாதமும் சரியில்லை

“அண்ணாச்சி, இந்தியாவச் சுத்திப் பாக்கணும்னா எந்த மாசம் தோது?”

பாண்டிச்செல்வம் இப்படிக் கேட்டதும் அய்யாதுரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். சிவகாசியில் வெடியும் அச்சகமுமாக நடக்கும் அவருடைய கம்பெனிக்கு இருபது வருடமாக மேனேஜர் பாண்டிச்செல்வம்தான். இத்தனை வருடத்தில் லோடு ஏறியதா, ஆர்டர் வந்ததா என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டறியாத மனிதர்.

“என்னலே திடீர்னு? லீவு வேணுமா?”

“பதினஞ்சு நாள் டூர் அண்ணாச்சி. ஆர்டர் பிடிக்க நாடு பூராம் சுத்துனவுக நீங்க. உங்களக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.”

அய்யாதுரைக்குச் சுருக்கென்றது. தீபாவளி முடிந்து காலண்டர் சீசன் தலைக்கு மேல் ஓடுகிற நேரம். ஆனால் லீவு கிடையாது என்று அவர் வாயால் சொல்லமாட்டார். யாருக்கும் எதையும் இல்லை என்று சொல்லாத பெரிய மனுஷர். கேட்டவரே வேண்டாம் என்று எழுந்து போகும்வரை பேசுவார், அவ்வளவுதான்.

மேஜைமேல் புதுவருடக் காலண்டரின் சாம்பிள் கிடந்தது. மாதத்துக்கு ஒரு ஊர்ப் படம். பாண்டிச்செல்வம் முதல் தாளைக் காட்டினார். “ஜனவரி. காஷ்மீர் பனி.”

“வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு வரணுமாக்கும்? வேண்டாம்லே.”

பொங்கலுக்குள் கடைசிக் காலண்டர் லோடு போய்ச் சேரவேண்டும் என்பதற்கும் காஷ்மீர்ப் பனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

“சரி, பிப்ரவரி? குளிரும் கொறஞ்சிரும், வெயிலும் வராதுங்காக.”

அய்யாதுரை ஒரு நிமிடம் தடுமாறினார். பிறகு சமாளித்துக்கொண்டார். “அதான் மோசம். குளிரும் இல்ல, வெயிலும் இல்லன்னா அங்கன போயி என்னத்தப் பாக்க? குளிராத டெல்லியப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போகணும்?”

பிப்ரவரியில்தான் வெடிக்கு முதல் ஆர்டர் கொடுக்க வெளியூர் வியாபாரிகள் வருவார்கள்.

“ஏப்ரல்ல ராஜஸ்தான்?”

“அதுக்கு நம்ம விருதுநகர்ல மத்தியானம் செருப்பில்லாம நின்னாப் போதும்.”

ஏப்ரலில் பள்ளிக்கூட நோட்டு அச்சடிக்க வேண்டும். ஆக, அய்யாதுரையின் வானிலை அறிக்கை அவருடைய ஆர்டர் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போனது.

“ஜூலையில மேகாலயா. மழை அடிச்சு ஊத்துமாம்.”

“மழை பாக்க மேகாலயா எதுக்குலே? நம்மூரு ஆனைக்குட்டம் அணை நெறையும்போது போயிப் பாரு.”

“அது எங்க அண்ணாச்சி நெறையுது?”

“பொறுமையா இரு. நெறையும்.”

“அக்டோபர்...”

வெடிக் கம்பெனிக்குள் பீடி பற்ற வைத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார் அய்யாதுரை. பாண்டிச்செல்வம் அவசரமாக அடுத்த தாளைப் புரட்டினார். “நவம்பர். இந்த மாசந்தான். ஆக்ரா.”

“வடக்க பூராம் புகை. தாஜ்மகால் முன்னாடி நின்னாலும் தாஜ்மகால் தெரியாது.”

“நம்ம வெடிப் புகையா அண்ணாச்சி?”

“தொழிலக் குத்தம் சொல்லாதலே. அது வேற புகை.”

பாண்டிச்செல்வத்துக்கு வியர்த்தது. “ஒரே ஒரு மாசம் சொல்லுங்க அண்ணாச்சி. பரவாயில்லன்னு சொன்னாக்கூடப் போதும்.” குரல் கெஞ்சியது. பாவம், லீவுக்காக இப்படியும் ஒரு மனிதன் கெஞ்சுவானா என்று அய்யாதுரைக்கே இரக்கமாக இருந்தது. இரக்கத்தோடு அறிவுரை சொன்னார்.

“இம்புட்டுப் பெரிய நாட்டுல எந்நேரமும் எங்கனயாச்சும் வெயிலடிக்கும், இல்லைன்னா மழை பெய்யும். சொகமா வீட்டுல கெடக்கணும். உன் மதினி செல்லக்கனியப் பாரு. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம். மொத வருசம் டூர் போவமான்னு கேட்டா. மாசம் சரியில்லன்னேன். ரெண்டாவது வருசமும் கேட்டா, அப்பவும் சரியில்லன்னேன். அதுக்கப்புறம் மூச்சு விடல. வருசா வருசம் இமயமலையக் காலண்டர்ல பாத்துட்டு, மாசம் முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுட்டு அவ பாட்டுக்கு இருக்கா. அது குணம்!”

“அப்போ பன்னெண்டு மாசமும் சரியில்ல.”

“சரியில்ல.”

“முடிவாத்தான் சொல்றீகளா அண்ணாச்சி?”

“எழுதி வேணாத் தரட்டுமா?”

பாண்டிச்செல்வம் காலண்டரை மூடினார். போனை எடுத்து எதையோ தட்டினார். மேஜையில் இருந்த அய்யாதுரையின் போன் ‘டிங்’ என்றது.

“ஓடிபி வந்திருக்கும். கொஞ்சம் சொல்லுங்க.”

பேங்குக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, கரண்டு பில்லுக்கு ஒன்று என்று தினமும் பத்து ஓடிபி வாசித்துப் பழகியவர் அய்யாதுரை. எதற்கென்று கேட்கிற வழக்கமே கிடையாது. லீவுப் பேச்சை நயமாக முடித்துவிட்ட சந்தோஷம் வேறு. ராகமாக வாசித்தார். “நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, சைபர், ஆறு.”

“முடிஞ்சிருச்சு அண்ணாச்சி.”

“என்னலே முடிஞ்சிருச்சு?”

“உங்க டிக்கெட் கேன்சலாயிருச்சு.”

“எனக்கேதுலே டிக்கெட்?”

பாண்டிச்செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கல்யாண நாளுக்குன்னு மதினி உங்க போன் நம்பரக் குடுத்து ரெண்டு ரயில் டிக்கெட் போட்டிருந்தாக அண்ணாச்சி, நாளைக்கு விருதுநகர்ல வண்டி. ‘அவுக வாயில ஒரு மாசமாச்சும் நல்ல மாசம்னு வந்தா ரெண்டும் இருக்கட்டும், வரலைன்னா அவுகளோடத மட்டும் கேன்சல் பண்ணிரு’ன்னு சொல்லித்தான் என்னைய அனுப்புனாக.”