நாலு விரல் அதிகம்

விசிறி ஓடியதா, நின்றிருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். மற்றதெல்லாம் என் நினைவில் இப்படித்தான் நடக்கிறது. தையல் கூடத்தின் தகரக் கூரையில் மதிய வெயில் காய்கிறது. இயந்திரங்கள் ஓய்ந்திருக்கின்றன. இன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெறும் மேற்பார்வை அக்கா, முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் 'சாக்கட்டி', நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வருடம் தன் தையலில் பிசகு கண்ட இடமெல்லாம் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுப் பிரிக்கவைத்தவளுக்கு நன்றி சொல்ல, காலர் தைக்கிறவள் எழுந்து நிற்கிறாள். "என் கை இன்னிக்கு இப்படி ஓடுதுன்னா அக்காதான் காரணம்," என்கிறாள், பல்லைக் கடித்தபடி. கைதட்டுகிறார்கள். தானே தைத்த சட்டையை நீட்டுகிறாள். ஒரு நூல்கூடப் பிசகாத சட்டை. அக்கா பையிலுள்ள சாக்கட்டிக்கு இன்று வேலை இருக்கக் கூடாது என்றே தைத்தது. அக்கா அதை உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு தையலிலும் நகத்தை ஓட்டுகிறாள். நகம் எங்கும் தடுக்கவில்லை. காலர்க்காரியின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்க்கிறது. அக்கா எழுந்து சட்டையைத் தன் மேல் வைத்துப் பார்க்கிறாள். தோள் இரண்டும் கீழே வழிகின்றன.

"யாரைப் பாத்துடி தச்சே?"

"உங்களைத்தான்க்கா. தினமும் பாக்கிறேனே."

"என் விரலைத்தான் பாத்திருக்கே. நான் இளைச்சு ஒரு வருஷமாச்சு."

பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, பக்கத் தையலில் அழுத்திக் குறி போடுகிறாள். "நாலு விரல் அதிகம். பிரி."

அக்கா அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனாள். கூடம் கிடங்காகிவிட்டது. காலர்க்காரி வேறொரு இடத்தில் மேற்பார்வை பார்க்கிறாள். சாக்கட்டிக் குறியோடு இருக்கும் அந்தச் சட்டையை அவள் பிரிக்கவுமில்லை, துவைக்கவுமில்லை.