பதில் போடாத தம்பி

"நாற்பது போட்டோ அனுப்பியிருக்கேன்டா! ஒண்ணுக்காவது 'பார்த்தேன் அக்கா'ன்னு ஒரு வரி போட்டியா?"

செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவளுக்குத் தம்பி மனைவி நீட்டிய தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை.

விஷயம் இதுதான். பழைய குடும்ப ஆல்பத்தைப் பூச்சி அரிக்கத் தொடங்கியதும், அக்கா ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து, வாரத்துக்கு ஒன்று என்று தம்பிக்கு மெயிலில் அனுப்பினாள்.

தம்பி வாரம் தவறாமல் போனில் பேசுவான். மூட்டு வலியை விசாரிப்பான். 'எப்பக்கா வர்றே?' என்பான். 'அடுத்த மாசம்' என்பாள் அக்கா. ஆறு வருஷமாக அதே அடுத்த மாசம்தான். ஆனால் படங்களைப் பற்றி மட்டும் அவன் மூச்சு விட்டதில்லை. நானாகக் கேட்பதா என்று அக்காவுக்கும் வீம்பு.

"இன்பாக்ஸ்ல ஒண்ணுமே இல்லையேக்கா..." தலையைச் சொறிந்தான் தம்பி.

"கதை விடாதே. கம்ப்யூட்டரைத் திற!"

திறந்தான். நிஜமாகவே ஒன்றுமில்லை. ஸ்பேம் பெட்டிக்குள் போனால், லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கை மருந்துக்கும் நடுவில் அக்காவின் கடைசி நாலு மெயில்கள். மற்றவையெல்லாம் முப்பது நாள் கெடு தாண்டித் தானாக அழிந்துபோயிருந்தன.

"எழுத்தே இல்லாம, ஒரே தலைப்புல படம் மட்டும் வந்தா, மெயிலே குப்பைன்னு ஒதுக்கிடும், அண்ணி," என்றாள் தம்பி மனைவி. நாற்பதுக்கும் அக்கா வைத்த தலைப்பு ஒன்றுதான்: 'பார்'.

"நம்ம வீட்டுப் படத்துக்கு விளக்கம் வேற எழுதணுமா? இவனுக்குத் தெரியாதா?"

தம்பி ஒரு படத்தைப் பெரிதாக்கினான். ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு தலைகள்.

"கோட்டோட ஒரு கைக்குள்ள நீ, இன்னொரு கைக்குள்ள நான்..."

"நீ குள்ளம்டா. உன் பக்கம் சேத்துல இழுபட்டுது. அம்மாகிட்ட அடி வாங்கினது நான்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீடு, அந்த மழை, அம்மாவின் அதட்டல் எல்லாம் வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"அநியாயமா உன்னைத் திட்டிட்டேன்டா. ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போவேன்," என்று முகம் கழுவப் போனாள்.

கதவு சாத்தியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "இதுக்கு மேல என்னால நடிக்க முடியாதுங்க. தினமும் அந்த ஸ்பேம் பெட்டியிலதானே கண் விழிக்கிறீங்க? நாற்பதையும் பிரிண்ட் போட்டு பீரோவுல வச்சிருக்கீங்க. பாவம், ஒரு வரி பதில் போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டிருந்தா நாற்பத்தோராவது படம் வந்திருக்கும்," என்றான் அவன். "போடலை. அக்காவே வந்துட்டா."