முதற்பரிசுக் காளை

வெல்லாவெளிக் கால்நடைக் கண்காட்சியில் உதயரூபனின் காளைக்குத்தான் முதற்பரிசு. மாலை போட்டு மேடைக்கு முன்னே நிறுத்தியபோது, அதன் உடம்பு எண்ணெய் பூசியதுபோல் மின்னியது.

“அப்படி என்னதான் தீனி போடுறீங்க?” என்று ஒலிவாங்கியை நீட்டினார் மிருக வைத்தியர்.

உதயரூபனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “ஒரு பிடி தவிடும் வைக்கிறல்ல, டொக்டர். பொழுதுபட்டா அவிழ்த்து விட்டிருவன். வயிறு முட்டத் திண்டிட்டு விடியத் தானா வந்திரும்!”

வைத்தியர் கைதட்டினார். கூட்டத்தில் ஒருவரும் தட்டவில்லை.

முன்வரிசையிலிருந்த கமக்காரர் சாலிஹ் எழும்பினார்.

“அப்ப எங்கட வயல் வட்டையில நெல்லு வேளாண்மையத் திண்டது என்ட மாடில்ல. வயல் காவலுக்கு நாங்க வெச்ச விதானை நீங்கதானே? எனக்குப் போட்ட தண்டத்த இனி ஆருக்குப் போடப் போறீங்க?”