இருந்தது

பழைய கடைவீதிக்குப் புது உயிர் கொடுக்கிறோமென்று நகராட்சியும் வணிகர் சங்கமும் கைகோத்துக் கடைக்கொரு நீலப்பலகை மாட்டின. மூக்கம்மாள் தன் தலைக்குமேல் தொங்கியதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: 'நூறாண்டு வெற்றிலைக் கடை இங்கே இருந்தது.'

"இருந்துச்சா? அப்ப வெத்தலைக்குத் தண்ணி தெளிக்கிறது யாரு, என் ஆவியா?"

"எழுத்துப்பிழை, அக்கா," என்றான் சங்கச் செயலாளர் தவசிமணி, அவள் முகத்தைப் பார்க்காமல். கூட வந்த நகராட்சி இன்ஜினியர் கடையை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

மூக்கம்மாள் ஸ்டூலில் ஏறி, சுண்ணாம்பு விரலால் 'இருந்தது'வை அடித்துக் கீழே 'இருக்கு' என்று எழுதினாள். ஈரத்தில் சரியாகத் தெரியவில்லை. தவசிமணி சிரித்தான்.

"சிரி. காயட்டும், வெளுக்கும்."

பிறகு எப்போதும்போல் அவனுக்கு ஒரு வெற்றிலை மடித்து நீட்டினாள். சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.