பத்தாவது வாக்கியம்

ஐந்தாவது வாக்கியத்தை சார் மூக்கால் பேசி வாசித்தார்.

"ஐ புட் அப் வித் மை ஹஸ்பண்ட்."

புருஷனைப் பொறுத்துக்கொள்கிறாளாம். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடி. மாலை ஆறிலிருந்து ஏழுவரை அங்கே இங்கிலீஷ் பேசக் கற்றுத்தருகிறவர் ஞானதுரை சார். நல்ல மனிதர்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைந்தால் இங்கிலீஷ்தான். யாராவது தமிழில் வாய் திறந்தால் போர்டின் வலது மூலையில் அவர்கள் பெயரை எழுதுவார். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒரு தடவை கைதட்டுவார்கள். அவ்வளவுதான் தண்டனை.

அந்த வாரப் பாடம், வால்.

அவர் வைத்த பெயர்தான் அது. இங்கிலீஷில் வினைச்சொல்லுக்கு வால் முளைக்கும் என்பார். கிவ் என்றால் கொடு. பின்னால் அப் என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் கைவிடு. வால் மாறினால் கதையே மாறிப்போகும்.

பத்து வால்களைக் கொடுத்து ஆளுக்குப் பத்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார். புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள், உங்கள் வீட்டில் நடப்பதை எழுதுங்கள், அப்போதுதான் மண்டையில் ஏறும் என்று சொன்னதும் அவரேதான்.

பத்துக்குப் பத்து வாங்கியது ஒரே ஒருத்தி. சீனிலட்சுமி. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். மூன்றாவது வரிசையில் சுவரோரமாக உட்காருவாள்.

பாராட்டத்தான் அவள் நோட்டைக் கையில் எடுத்தார். சத்தியமாக.

முதல் வாக்கியத்தில் அவள் புருஷன் வேலையை விட்டான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது போதாதா? சாருக்குள் இருந்த நாடகக்காரர் எழுந்துவிட்டார்.

இரண்டாவதில் அரிசி தீர்ந்தது. மூன்றாவதில் அவன் பன்னிரண்டு மணிக்கு எழுந்தான். நான்காவதில் நல்ல காரியம் எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிப்போட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல், ஒரு முகம். கொட்டாவி விட்டுக் காட்டினார். இடுப்பில் கைவைத்துக் காட்டினார்.

ஐந்தாவதற்குக் கைதட்டலே கிடைத்தது.

ஆறாவதில் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

அதற்கும் சிரித்தார்கள்.

"ஹி லாக்ட் அஸ் அவுட்."

ஏழாவது. அதே மூக்குக் குரல்தான். அவளையும் மகளையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினானாம்.

ஒரே ஒரு ஆள் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எட்டாவதை ஞானதுரை சாரின் கண் வாசித்தது. வாய் வாசிக்கவில்லை.

மகள் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போனாள். ஒன்பதாவதில் இவள் சேலைத் துணியால் ரத்தத்தைத் துடைத்தாள். யாருடைய ரத்தம் என்று எழுதவில்லை. வால் மட்டும் சரியாக ஒட்டியிருந்தது.

போன செவ்வாய் அவள் வகுப்புக்கு வரவில்லை. கேட்டதற்குக் காய்ச்சல் என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். வாக்கியம் சுத்தமாக இருந்ததென்று அன்றும் பாராட்டினார்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிவப்பு டிக். நேற்று டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே போட்டது. முப்பது நோட்டில் வாலை மட்டும் தேடிய கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்து.

வெரி குட். கீப் இட் அப்.

நோட்டை மூடிவிடலாம். அடுத்த ஆளைக் கூப்பிடலாம். மூடினால் முப்பது பேருக்கும் புரிந்துவிடும். புரியாமலா இருக்கிறது?

நிமிர்ந்து பார்த்தார்.

அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து. மற்றவர்கள் நிறுத்தியது தெரியாமல் அவள் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது.

தலைக்குமேல் காற்றாடி சுற்றியது. கீழே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம்.

"சார், பத்தாவதையும் வாசிங்க சார்."

தமிழில் சொன்னாள்.

முன்வரிசையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கோமதிநாயகத்தின் விரல் பழக்கதோஷத்தில் போர்டைப் பார்த்து நீண்டது. பாதியில் மடங்கியது.

அவள் காத்திருந்தாள். பத்தாவதை அவரை நினைத்துத்தான் எழுதியிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஞானதுரை சார் குனிந்தார். இப்போது மூக்குக் குரல் வரவில்லை.

"ஐ லுக் ஃபார்வர்ட் டு திஸ் கிளாஸ்."

இந்த வகுப்புக்காக ஆசையாகக் காத்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. பக்கத்திலேயே இன்னும் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்காமலே எழுதியது. அதற்கும் சேர்த்துத்தான் டிக் போட்டிருந்தார்.

இங்கே என்னைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அதை அவரால் வாசிக்க முடியவில்லை.

நோட்டை மூடி, மூன்றாவது வரிசைவரை நடந்துபோய், இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மன்னிச்சிரும்மா."

திரும்பி வந்து சாக்பீஸை எடுத்தார். போர்டின் வலது மூலையில், பெரிய எழுத்தில், நிதானமாக, ஞானதுரை என்று எழுதினார்.

பிறகு வகுப்பைப் பார்த்து நின்றார். சிரிப்பதற்கும் கைதட்டுவதற்கும் இடம் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் கைதட்டவில்லை.