காதோடு சொன்னது

“சார், உங்க வாய் நாறுது. பல் டாக்டரைப் பாருங்க.”

அச்சகத்து மெஷின் ஹாலில் இரைச்சல் காதைப் பிளக்கும். எதைச் சொல்வதானாலும் காதருகே போய்க் கத்த வேண்டும். பைண்டிங் பிரிவு அக்காவும் அப்படித்தான் போர்மேனின் காதோரம் போய்ச் சொன்னாள். அவளுடைய கெட்ட நேரம், சொல்ல வாயெடுத்தபோது மெஷின் நின்றுவிட்டது. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

போர்மேனின் முகம் செத்துப் போயிற்று. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லோரும் அவள்மேல் பாய்ந்தார்கள். வயதில் பெரியவர், பொறுப்பில் இருப்பவர், அவரைப் போய் இப்படி நாக்கில் நரம்பில்லாமல் பேசலாமா என்றார்கள். முதலாளி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எல்லார் முன்னாலும் கேட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்றதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

போர்மேன் மன்னிக்கவில்லை. குறை சொன்னவர்களோடு பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கூடப் பிறந்த தம்பியோடே பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. தம்பி செய்த குற்றம், “அண்ணே, கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க” என்றதுதான்.

சாயங்காலம் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்து வைத்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“எல்லார் முன்னாலயுமா சொன்னா?” என்றாள்.

அவர் இன்னும் பொருமினார். நாளைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பச் சொல்லப் போவதாகக் குதித்தார்.

“அதுக்கு முன்னாடி ஒருதரம் டாக்டர்கிட்ட போய்ட்டு வாங்களேன். ஒண்ணுமில்லைன்னு அவர் வாயால சொல்லட்டும். அப்புறம் அவ மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவா?”

இந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். மெல்லிய கம்பியால் ஈறை ஒவ்வோர் இடமாக அளந்து பார்த்தார். ஒற்றியெடுத்த பஞ்சு சிவப்பாக வந்தது. எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். பற்களைத் தாங்குகிற எலும்பு, தண்ணீர் அரித்த கரை மாதிரி இறங்கிக் கிடந்தது.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா என்று கேட்டார் டாக்டர். அது ரொம்ப நாளாகவே வருகிறது, ஆனால் ஒரு நாள்கூட வலித்ததில்லை என்றார் போர்மேன், கொஞ்சம் பெருமையாகவே.

“ஈறு நோய் பெரும்பாலும் அப்படித்தான் சார், வலிக்காமலே முத்திடும். உள்ளே காரை கட்டி, சீழ் வச்சிருக்கு. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா பல்லெல்லாம் ஆடி ஒவ்வொண்ணா விழுந்திருக்கும்.”

கரைந்த எலும்பு அப்படியே திரும்பி வராது, ஆனால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிவிடலாம் என்று தைரியம் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்கிற கருவியால் ஈறுக்கு அடியில் இருக்கும் காரையையும் எடுத்துவிடலாம். ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருக்கும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பிணைத்துவிடலாம். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். பார்த்தால் அதுவும் ஏறித்தான் இருந்தது.

“வாடை இருந்திருக்குமே சார். வீட்டுல யாரும் சொல்லலையா?”

அவர் வாயைக் கொப்பளிக்கக் குனிந்துகொண்டார்.

பல முறை போய்வர வேண்டியிருந்தது. வாயைத் திறந்துகொண்டு அந்த நாற்காலியில் கிடக்கும்போது யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஹாலில் யார் காதருகே போய் அவர் எதைச் சொன்னாலும் அவர்கள் உடனே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தன் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். பேச உட்கார்ந்தால் யாராவது ஒருவர் புதினா மிட்டாயை நீட்டுவார். அதைப் பிரியம் என்று நினைத்திருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேரில் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள், அவளைத்தான் தலைகுனிய வைத்தோம் என்பது நெஞ்சை அறுத்தது.

சிகிச்சை முடிந்த அன்று மனைவியிடம் சொன்னார். “அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். நீயும் வா.”

அவள் தயங்கினாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பைண்டிங் அக்கா கதவைத் திறந்தாள். போர்மேன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பதற்குள், மனைவி பாய்ந்துபோய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காக இத்தனை பேர்கிட்டயும் ஏச்சு வாங்கினீங்களே. என் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்தேனே,” என்றாள் அவள் மெல்ல.

போர்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அன்னிக்குச் சாப்பாட்டுப் பையை மறந்துட்டுப் போனீங்க. அதைக் குடுக்க அச்சகத்துக்கு வந்தப்ப, நான்தாங்க உங்ககிட்ட சொல்லச் சொல்லி இவங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்,” என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

“ஏன், நீயே என்கிட்ட சொல்லக் கூடாதா?” என்றார் அவர்.

“வீட்டுல எனக்குப் பேச்சுத் துணைன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நான் சொன்னா எங்கூடப் பேசறதை நிறுத்திடுவீங்க. இவங்க சொன்னா, இவங்ககூடத்தானே நிறுத்துவீங்க?”