பட்டை அவிழாத கை

“யாரைப் பார்த்து யாரும்மா எழுதினீங்க?”

ஆசிரியர் இரண்டு விடைத்தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார். ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் முறை பற்றிய கேள்வி. இரண்டிலும் ஒரே வார்த்தைகள், ஒரே சந்தம். கையைக் கழுவு, உறையைப் போடு, பட்டையைக் கட்டு, நரம்பைத் தேடு.

பாடநூலில் அப்படி இல்லை.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருக்கும் ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒரே செவிலியர் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சில்லை.

“இவதான் சார். இவளுக்குப் படம் போடத் தெரியும், படிக்கத் தெரியாது,” என்றாள் மூத்தவள்.

இளையவளுக்கு முகம் எரிந்தது. காப்பி என்று முடிவானால் இன்றோடு படிப்பு போச்சு.

படம் வரைந்து படிப்பவள் அவள். மூத்தவளோ சமையலறையில் கரண்டியால் தாளம் தட்டி, ராகம் போட்டு ஒப்பிப்பாள். சமையலறைக்கும் இளையவளின் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் பென்சில் உரசினால் அந்தப் பக்கம் கேட்கும். கிளிப்பிள்ளை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வரைவாள் இளையவள்.

ஆனால் படத்துக்கு ஒரு குறை உண்டு. எது எங்கே இருக்கிறதென்று காட்டும். எதற்குப் பின் எது என்று காட்டாது. பாட்டில் அப்படியில்லை, ஒரு அடி அடுத்த அடியைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும்.

அது புரிந்த நாளில் அவள் பஞ்சை எடுத்துப் போட்டாள். பென்சிலை நிறுத்திவிட்டு, பலகையோடு காதை ஒட்டிக் கேட்டாள். உயிரே போனாலும் இதை மூத்தவள் எதிரில் சொல்வதாயில்லை.

“நான் காப்பி அடிக்கல சார்.”

“அப்போ அந்தச் சுவரைப் பார்த்து நின்னு, வாயால சொல்லு.”

திரும்பி நின்று வாயைத் திறந்தாள். மூத்தவளின் ராகம் வந்தது. அதே இழுப்பு, அதே ஏற்றம். தோலைத் துடை, ஊசியை ஏற்று, குப்பியை நிரப்பு, ஊசியை எடு, பஞ்சை அழுத்து.

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

“சரி, காப்பி இல்ல. ஆனா உன் தாள்ல விட்ட அதே படிய இப்பவும் விட்டுட்டியேம்மா. ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி கையில கட்டின பட்டைய அவுக்கணும். இல்லன்னா ரத்தம் தோலுக்கடியில பரவி கை நீலமா வீங்கிடும். இந்த ஒண்ணை விட்டா மொத்தமும் ஃபெயில்தான்.”

அவள் வரைந்த எல்லாக் கைகளிலும் பட்டை கட்டியபடியேதான் இருந்தது. பாட்டிலும் அந்த அடியை அவள் கேட்டதில்லை. தினமும் குப்பி நிரம்பியதும் மிக்ஸி அலறும். அது ஓயும்போது பாட்டு ஊசியை எடுத்துக்கொண்டிருக்கும்.

மூத்தவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். போகிறபோதே வாய்க்குள் முனகினாள்: குப்பியை நிரப்பு, பட்டையை அவிழ், ஊசியை எடு. மிக்ஸி இல்லாமல் அந்தப் பாட்டு முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

மிக்ஸி ஓடிய எந்த நாளிலும், அரைத்துச் செய்த எதுவும் வீட்டில் யார் தட்டுக்கும் வந்ததில்லை என்பது இளையவளுக்கு அப்போதுதான் உறைத்தது.